வேங்கை மரத்தடிக்கு வாருங்கள்

வள்ளி கும்மி கற்றுத் தரும் வாத்தியார்களுக்கும், குழுக்களை முன்நின்று நடத்தும் அக்கா தங்கைகளுக்கும்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, எடப்பாடி என்று இந்தப் பக்கத்தில் எந்த ஊர்க் கோயில் திடலில் மைக்செட் கட்டினாலும் இப்போது உங்கள் பாட்டுத்தான் கேட்கிறது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையும், பேரன் பேத்தி எடுத்த அம்மாவும், மில் வேலை முடித்து வந்த பெண்ணும் ஒரே நிறச் சேலையில் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் ஆண்களே ஆடிவந்த ஆட்டம் இது. பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துக் களத்துக்கு அழைத்து வந்தவர்களில் ஒருவரான தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, தன் வீட்டுப் பெரியவருக்குக் கிடைத்த மாதிரி கொங்கு நாடு மகிழ்ந்தது. பொழுது சாய்ந்தால் டிவி முன்னால் உட்காரும் ஊரில் நூறு பெண்கள் வெளியே வந்து மணிக்கணக்கில் ஆடுவது சின்னக் காரியம் இல்லை. அந்த நன்றி மனசில் இருப்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பேச வந்தது உங்கள் பாட்டின் நடுவில் நிற்கும் ஒரு மரத்தைப் பற்றி.

கதை உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தாலும் அந்த ஒரு கட்டத்தை மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண்கல் வீசிக் கிளி விரட்டுகிறாள் வள்ளி. வேடன் வேடத்தில் வந்து பேச்சுக் கொடுக்கிறான் முருகன். அந்த நேரம் பார்த்து அவள் அப்பன் நம்பிராசன் வில்லும் கோலுமாகத் தன் ஆட்களோடு வந்துவிடுகிறான். முருகன் ஓடவும் இல்லை, சண்டைக்கு நிற்கவும் இல்லை. வேங்கை மரமாகி நின்றுவிடுகிறான். நேற்றுவரை இல்லாத மரம் இன்றைக்கு எப்படி வந்தது, இதில் என்னமோ சூது இருக்கிறது, வெட்டிச் சாய்ப்போம் என்று வேடர்கள் கிளம்புகிறார்கள். நம்பி தடுத்துவிடுகிறான். நிற்கட்டும், நிழலுக்கு ஆகும் என்கிறான். கந்தபுராணம் சொல்வதும் இதைத்தான். கும்மிப் பாட்டில் வாத்தியாருக்கு வாத்தியார் சொல் மாறும், மெட்டு மாறும், மரம் மட்டும் மாறாது.

அன்றைக்கு அந்த மரம் வெட்டுப்பட்டிருந்தால் மீதிக் கதை இல்லை. வளையல்காரன் இல்லை, தேனும் தினைமாவும் கேட்டு வரும் கிழவன் இல்லை, யானை இல்லை, கல்யாணமும் இல்லை.

உங்கள் வட்டத்தில் ஆடுகிறவர்களிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், வேங்கையைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று. நான் கேட்ட இடங்களில் தேக்கு மாதிரி இருக்குமா, பூக்குமா, காய்க்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். குறை சொல்லவில்லை. மரவள்ளியும் நிலக்கடலையும் கரும்பும் கோழிப்பண்ணையுமாக இருக்கும் இந்தச் சமவெளியில் அவர்கள் அதை எங்கே பார்த்திருப்பார்கள்? பூக்கும் காலத்தில் வேங்கை இலை தெரியாமல் மஞ்சள் பிடித்து நிற்கும். அடியில் கிடக்கும் பாறையும் மஞ்சளாகிவிடும். காய் தட்டையாக, வட்டமாக, ஓரம் முழுக்கச் சிறகு வைத்திருக்கும். பட்டையைக் கீறினால் ரத்தச் சிவப்பில் பால் கசியும், இறுகினால் மருந்துக்கும் பொட்டுச் சாந்துக்கும் ஆகும். அதன் கட்டையில் கடைந்த குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சங்கப் பாடல்களில் வேங்கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது நாள் பார்த்துச் சொல்லும் மரம். கணிவேங்கை என்றே பெயர் வைத்தார்கள். வேங்கை பூத்துவிட்டால் தினை முற்றிவிட்டது, கதிர் கொய்யலாம், கல்யாணமும் பேசலாம். அப்படிப் பார்த்தால் முருகன் ஏதோ கைக்குக் கிடைத்த மரத்தில் ஒளிந்துகொள்ளவில்லை. வள்ளி காவல் காத்த பயிருக்கும் அவளுடைய கல்யாணத்துக்கும் நாள் குறிக்கும் மரமாகவே நின்றிருக்கிறான். இத்தனை காலம் இந்தப் பாட்டைக் கேட்டும் அந்த மரத்தைப் பார்க்காமல் ஆடுகிறோமே என்பதுதான் என் மனசை அரிக்கிறது.

நீங்கள் ஆடும் திடலில் இருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையில் இந்த மரமும் இருக்கிறது, அந்தப் பயிரும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே கொல்லிமலை. வளப்பூர் நாடு, தேவானூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு என்று அங்கே ஊர்த் தொகுதிகளுக்கு நாடு என்றே பெயர். அந்த நாடுகளில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, கோரந்தினை என்று தினையிலேயே பல வகை விளைந்தது. சாமையில் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை. உங்கள் பாட்டில் தினை என்று ஒரே சொல்லாக வருவது மேலே இத்தனை பெயர்களோடு இருந்தது. இவற்றின் விதையைக் காப்பாற்ற 1990-களில் இருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலை மக்களோடு சேர்ந்து வேலை செய்தது.

தினையும் சாமையும் ஏன் சுருங்கின? இதில் கீழ்நாட்டுக்காரர்களான நமக்கும் பங்கு இருக்கிறது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி மில்களுக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வேண்டியிருந்தது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981-இல் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதில் எனக்கும் பெருமை உண்டு, இந்த ஊர்களில் எத்தனையோ அடுப்புகள் அதனால்தான் எரிகின்றன. ஆனால் கிழங்கு வாங்க லாரி மலைக்கும் ஏறியது. சாமையை உலர்த்தி, உரலில் குத்தி, உமி போக்கி உலையில் போடுவதற்குள் ஒரு பெண்ணின் இடுப்பு கழன்றுவிடும். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு, ரேஷன் கடையில் அரிசி. அந்தப் பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள்? உமி நீக்கும் எந்திரம் பக்கத்திலேயே வந்த ஊர்களில்தான் சாமை கொஞ்சம் தலை நிமிர்ந்தது. பாட்டில் நாம் புகழும் தினைப்புனம், அந்த ஊர் உரலில் யார் கை வலித்தது என்பதைப் பொறுத்தே இருந்தது, அழிந்தது.

மலையில் இன்னொரு மாற்றத்தையும் பார்க்கலாம். மிளகுக் கொடி ஏற்றவும் காப்பிக்கு நிழல் தரவும் வரிசை வரிசையாகச் சில்வர் ஓக் மரம். ஏற்காட்டிலும் அப்படித்தான். அதற்குத் தாய்நாடு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை. தோட்டக்காரர்களோடு கடல் தாண்டி வந்து நம் மலைகளில் வேரூன்றிய மரம் அது.

அந்த ஆஸ்திரேலியாவில் இருந்து உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அங்கே பழங்குடி மக்களின் நடனக் குழு ஒன்று, பங்காரா என்று பெயர், 1989-இல் தொடங்கியது. முன்னோர் ஆடிய அடவும் இன்றைய மேடை நடனமும் அவர்கள் ஆட்டத்தில் கலந்திருக்கும். அதன் இப்போதைய இயக்குநர் பிரான்சிஸ் ரிங்ஸ் 2023-இல் 'யுல்டியா' என்ற ஆட்டத்தை அமைத்தார். தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலை ஓரத்தில் ஊல்டியா என்று ஓர் ஊற்று இருந்தது, ஆட்டத்தின் பெயர் அதன் பெயர்தான். எத்தனையோ பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கூடித் தண்ணீர் குடித்த இடம். கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதை 1917-இல் முடிந்தது. ரயிலுக்காக அந்த ஊற்றில் இறைத்தார்கள், இறைத்தார்கள், ஊற்று வறண்டது. 1950-களில் பக்கத்து மாரலிங்காவில் பிரிட்டன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது, மக்கள் நிலத்தை விட்டு விரட்டப்பட்டார்கள். ஓர் ஊற்றின் கதையை ஒரு மாலை முழுக்க ஆடினார்கள். சிட்னி ஒபேரா ஹவுஸில் ஜனம் உட்கார்ந்து பார்த்தது.

எனக்குப் பிடித்தது அவர்கள் மேடையைவிட அவர்கள் வேலை செய்யும் முறை. ஒரு நிலத்தைப் பற்றி ஆட வேண்டுமென்றால் முதலில் அந்த நிலத்துக்குப் போகிறார்கள். அங்குள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்கிறார்கள். எந்தக் கதையைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். கதை கொடுத்த மக்களுக்கு முன்னால் அதை ஆடிக் காட்டவும் திரும்பிப் போகிறார்கள். நம்முடைய ஆட்டத்தை அவர்கள் ஆட்டம்போல மாற்றச் சொல்லவில்லை. கும்மி கும்மியாகவே இருக்கட்டும், கைதட்டும் வட்டமும் வாத்தியார் குரலும் நம்முடையவை. கேட்டுவிட்டு ஆடும் அந்த ஒழுக்கத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை வள்ளியின் வாரிசுகள் என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. அவர்களுக்கு அவர்கள் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இருந்து அண்ணன் தம்பி மூவர் வந்ததாகவும், சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் பிரிந்து குடியேறியதாகவும் சொல்கிறார்கள். மூத்தவன் எந்த மலைக்குப் போனான் என்பது மலைக்கு மலை மாறும். அவர்களுக்கு அவர்கள் ஆட்டமும் இருக்கிறது, சேர்வையாட்டம். கோடை விழா என்றால் கலெக்டர் வருவதற்கு முன் மேடையேற்றிச் சில நிமிடம் ஆடவிட்டு, சால்வை போட்டு இறக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஆட்டத்தை முழு ராத்திரியும் அவர்கள் ஊரில், அவர்கள் சாமிக்கு முன்னால் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அடவைப் படம் பிடித்துக்கொண்டு வந்து நம் கும்மியில் ஒரு துண்டு செருகிவிட்டால் அது மரியாதை ஆகாது. போய் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் கற்றுத் தரச் சம்மதித்தால் வாத்தியாருக்குரிய தட்சிணையைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வள்ளல் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. அவனைப் பாடிய வன்பரணர் புறநானூற்றில் ஒரு காட்சி காட்டுகிறார். ஓரி அள்ளிக் கொடுத்த பரிசிலை வாங்கி, வயிறு நிறைய உண்ட கூத்தர் கூட்டம் ஆடவும் பாடவும் மறந்துபோகிறதாம். கொடையைப் புகழ்வதற்காகச் சொன்னது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் நம் காலத்துக் குழுக்கள் நினைவுக்கு வருகின்றன. ஆயிரம் பேர் ஆடினார்கள், பத்தாயிரம் பேர் ஆடினார்கள் என்று தலை எண்ணுவதிலும், ட்ரோன் படத்திலும், விருந்தினர் பேச்சிலும் பொழுது போய்விடுகிறது. வேங்கையாகும் கட்டத்தை நேரமில்லை என்று சுருக்கிவிட்ட அரங்கேற்றங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்துச் சொல்வது சிலருக்குக் கசக்கும். சொல்லாமல் விட்டால் இந்த மடலை எழுதியதில் அர்த்தமில்லை.

சில அரங்கேற்ற மேடைகளில் ஆடி முடித்த பெண் பிள்ளைகளை நிற்கவைத்து, சொந்தச் சாதிக்குள்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று உறுதிமொழி வாங்கும் காணொளிகள் கடந்த சில வருடங்களில் பரவின. எல்லாக் குழுவும் அப்படி இல்லை. உங்களில் பலருக்கு அது பிடிக்கவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிடிக்காதவர்கள் மைக் முன்னால் வாய் திறக்கவில்லை. நீங்கள் பாடிய கதை என்ன? வேடர் வீட்டுப் பெண் தன் மனசுக்குப் பிடித்தவனைத் தானே தேர்ந்துகொண்டாள். சுற்றம் ஆயுதத்தோடு துரத்தியது. முருகனின் சேவல் கூவியதில் விழுந்து மாண்ட அப்பனையும் உறவையும் வள்ளியேதான் எழுந்திருங்கள் என்று எழுப்பினாள். எழுந்து வந்த அப்பன் ஊர் அறியக் கல்யாணம் செய்து வைத்தான். இந்தக் கதையை மூன்று மணி நேரம் ஆடிவிட்டு, வியர்வை காய்வதற்குள் அதற்கு நேர் எதிரான உறுதிமொழியை அந்தப் பிள்ளைகள் வாயில் வைப்பது பாட்டுக்கே செய்கிற துரோகம்.

இது வெறும் பேச்சு விஷயமும் இல்லை. திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரரோடு செங்கோட்டு வேலவரும் இருக்கிறார், நமக்கெல்லாம் தெரிந்த முருகன். 2015 ஜூனில் அந்தக் கோயிலுக்கு வந்து தோழியோடு பேசிக்கொண்டிருந்த பொறியியல் படித்த பட்டியலின இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டார். அவர் உடல் பள்ளிப்பாளையம் பக்கத்தில் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. சாதியை வைத்து நடந்த கொலை அது. 2022-இல் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, முதல் குற்றவாளியின் தண்டனையை 2023-இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. வள்ளி கதையை நாம் பாடும் இதே நாட்டில், முருகன் சந்நிதி இருக்கும் மலையில் தொடங்கியது அந்தக் கொடுமை. அந்தப் பையனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு வேங்கை மரம் கிடைக்கவில்லை.

வட்டத்தில் யார் நிற்கலாம் என்ற கேள்வியும் இதோடு ஒட்டியதுதான். நாற்று நட்டவர்களும் களை எடுத்தவர்களும் கதிர் அறுத்தவர்களும் குனிந்த இடுப்போடு பாடிய பாட்டில் இருந்துதான் கும்மிக்குத் தாளம் வந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அந்த வயலில் எல்லாத் தெருப் பெண்களும் நின்றார்கள். திடலுக்கு வரும்போது மட்டும் ஒரு தெரு குறைந்துபோனால் பாட்டில் ஒரு குரல் குறைகிறது. உங்கள் குழுவில் எந்தத் தெருப் பிள்ளை வந்து கேட்டாலும் கைபிடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள் வாத்தியாரே. அடவு கற்றுத் தரும்போது கால் பார்த்துத்தானே சொல்கிறீர்கள், சாதி பார்த்தா சொல்கிறீர்கள்?

நிலத்தைப் பாடுவதற்குப் பழைய பாட்டு மட்டும் போதாது. இந்தச் சமவெளிக்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரத்துச் சாக்கடையையும் சாயத் தண்ணீரையும் சுமந்துகொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் விழுகிறது திருமணிமுத்தாறு. பெயரில் முத்து இருக்கிறது, தண்ணீரில் கால் வைக்க முடியாது. சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் மலையை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் இறக்கினார்கள். 2018-இல் சேலத்தில் இருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் எட்டு வழிச் சாலை என்றார்கள். ராமலிங்கபுரம், குப்பனூர், அடிமலைப்புதூர் பக்கம் அளவுக்கல் நட வந்தபோது பெண்கள் வயலில் விழுந்து அழுதார்கள், கல்லைப் பிடுங்கினார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்கை வெளியிட்டு எடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. தென்னையைக் கட்டிக்கொண்டு அழுத அந்தப் பெண்களின் ஒப்பாரி ஒரு கும்மிப் பாட்டாக வர வேண்டாமா? கிளி விரட்டிப் புனம் காத்தவள் வள்ளி. கல்லைப் பிடுங்கிக் காடு காத்தவர்கள் இவர்கள். உங்கள் ஏட்டில் இவர்களுக்கு இடம் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த அரங்கேற்றத்துக்கு முன்னால் குழுவை ஒருநாள் கொல்லிமலைக்குக் கூட்டிப் போங்கள். ஆடிப் பதினெட்டில் ஓரி விழா நடக்கும், செம்மேட்டில் கூட்டம் தாங்காது, அதனால் வேறு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தினையோ சாமையோ கதிர் பிடித்து நிற்கும் நாள் எது என்று மலைக்காரர்களிடமே கேட்டுக்கொண்டால் நல்லது. போகிற வழியில் பேளுக்குறிச்சிப் பழனியப்பரைக் கும்பிடுங்கள், அங்கே முருகன் வேடன் கோலத்திலேயே நிற்கிறார். மேலே போனதும் அறப்பளீசுவரரோடும் அருவியோடும் திரும்பிவிடாமல், பயிர் செய்கிற ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். பரண் எப்படிப் போடுவார்கள், எந்தக் குருவி எந்தப் பயிருக்கு வரும், அதை எப்படி விரட்டுவார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கவண் வீசும் அடவு உங்கள் கைகளில் இப்போது இருப்பதைவிட வேறு மாதிரி வரும். வேங்கையைத் தொட்டுப் பார்க்கட்டும்.

கீழே வந்ததும் திடல் ஓரத்தில் ஒரு வேங்கை நடலாம். நல்ல வடிகால் உள்ள மண், முதல் சில கோடைகளுக்குத் தண்ணீர், ஆடு கடிக்காமல் ஒரு வேலி, இவ்வளவு கேட்கும். கன்றுக்கு வனத்துறை நாற்றங்காலில் சொல்லி வையுங்கள். நம் வெயிலுக்கு எல்லா இடத்திலும் பிடிக்காது, மலையடி ஊர்களில் பிடிக்க வாய்ப்பு அதிகம். முள்ளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் பக்கத்துக் குழுக்கள் முதலில் முயன்று பார்க்கலாம்.

மலைக்கு எந்தக் குழு முதலில் கிளம்புகிறது என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், நானும் வருகிறேன். ஆடுகிறவர்களோடு பாட்டுக் கட்டுகிறவர்களையும் கூட்டி வாருங்கள், ஒரு நோட்டும் பேனாவும் மறக்காமல். மலையில் நமக்குச் சமைத்துப் போடும் வீட்டுக்குச் செலவுக் காசை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
ராசிபுரத்தில் இருந்து உங்கள் ஆட்டம் பார்க்க வரும் ஒருத்தி